பங்குதாரர் பாவாத்தாள்

ஏழைகளுக்குத் தர்மம் செய்யக் கூடாது, முதலீடு செய்ய வேண்டும் என்று மில் முதலாளி மகன் கிஷன் சொன்னபோது பாவாத்தாளுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் போகிறது. நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிப் பேசினானே, அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. அந்த மில் ஓடிய காலமெல்லாம் அதன் கக்கூசுகளைக் கழுவியவள் அவள். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் வீடு திரும்பியவள். அந்தக் காம்பவுண்டுக்குள் ஒருநாளாவது உட்கார்ந்திருப்பாளா? உட்கார விட்டிருப்பார்களா?

பீளமேட்டுப் பக்கம் மில் மூடிய கதையை எடுத்தால் இன்றைக்கு முடியாது. மூடினார்கள், அவ்வளவுதான். முதலாளி அந்த விசாரத்திலேயே கண்ணை மூடினார். அவர் மனைவி ரங்கநாயகி பூட்டிய மில்லையும் வாடகைக் குடோன்களையும் கட்டிக் காத்துக்கொண்டிருந்தார். ஒரே மகன் கிஷன் அமெரிக்காவில் மேனேஜ்மென்ட் படித்துவிட்டுத் தொண்ணூற்றைந்தில் ஊர் திரும்பினான். படித்த பையன் பேசாமல் அப்பாவின் காரை ஓட்டிக்கொண்டு, கிளப்பில் டென்னிஸ் ஆடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவனுக்கு மனசு இருந்தது. நல்ல மனசு. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

மில்லின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் குட்டைமேட்டுக் காலனி. ஊர் கண் விழிக்குமுன் தெருவைக் கூட்டி, சாக்கடையை வாரி, குப்பையை அள்ளிக் கொட்டுகிற சனங்கள் அங்கே இருந்தார்கள். சாதிக் கணக்கில் அவர்களை எந்தப் படியில் வைத்திருந்தார்கள் என்பது, அவர்கள் காப்பிக் கடைக்கு வெளியே நின்று குடித்த லட்சணத்திலேயே தெரியும். அந்தக் காலனியிலிருந்து ஆறு பெண்களைக் கிஷன் கூப்பிட்டான். மில்லின் பழைய நூல் குடோனில் பெரிய பெரிய கிரைண்டர்களை இறக்கினான். பம்பு கம்பெனிக்கும் காலேஜுக்கும் வேலைக்குப் போகிற பெண்கள் பெருகிவிட்டார்கள், வீட்டில் மாவாட்ட யாருக்கும் நேரமில்லை, இட்லி மாவை அரைத்துப் பொட்டலம் போட்டு விற்கலாம் என்றான். பம்பாயில் இருக்கிற ஒரு முதலீட்டு நிறுவனம் பணம் போடுகிறது. லாபமும் வர வேண்டும், ஏழையும் எழ வேண்டும், இரண்டும் சேர்ந்ததுதான் அவர்கள் கொள்கையாம்.

"நீங்க கூலி இல்லீங்க. நீங்க ஆறு பேரும் கம்பெனியில பங்குதாரர்" என்றான் கிஷன்.

"அப்படீன்னா என்னங்க தம்பி?" என்றாள் நாச்சியம்மாள். அவளுக்கு வாய் சும்மா இராது.

"பங்காளி மாதிரிங்க்கா."

"ஐயோ சாமி! பங்காளின்னா காய்ச்சலாச்சே! அது நமக்கு ஆகாதுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். கிஷனும் சிரித்தான். பாவாத்தாள் சிரிக்கவில்லை. இது நிசந்தானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மில் மூடிய பிறகு அவள் வேங்கடசாமி என்ற காண்ட்ராக்டரிடம் தெருக் கூட்டுகிற வேலையில் இருந்தாள். மில்லில் கழிவுப் பஞ்சு அள்ளி அள்ளி நெஞ்சு கெட்டுப்போன புருஷன் வீட்டில் படுக்கையில் இருந்தான். வேலையை விட்டால் கஞ்சிக்கு வழி கிடையாது. ஆனாலும் கிரைண்டர் சுற்ற ஆரம்பித்த அன்றைக்கு அவள் நேரே வேங்கடசாமியிடம் போய், "நான் நின்னுக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். வருகிற வழியில் தன் சீமாறைக் குட்டையில் வீசினாள். ஓலைக் குச்சிகள் பிரிந்து தண்ணீரில் மிதந்து போவதை நின்று பார்த்தாள்.

"இனி இந்தக் கையில சீமாறத் தொட்டேன்னா என்னைய ஏன்னு கேளு" என்றாள் நாச்சியம்மாளிடம்.

"வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு புள்ள. சாமி காதுல உளுந்துறப் போவுது."

விழுந்தால் விழட்டும் என்றுதான் அவள் சொன்னாள். அவள் அம்மா கூட்டினாள், அம்மாவைப் பெற்றவள் கூட்டினாள். இத்தோடு முடியட்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சும்மா சொல்லக் கூடாது, மாவு அப்படி இருந்தது. உளுந்து பொங்கப் பொங்க அரைத்து, ஒரு கிள்ளு எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். உப்புப் போட்டுக் கையாலேயே கரைப்பார்கள். கைச்சூடு பட்டால்தான் மாவு பக்குவமாகப் புளிக்கும், இது தெரியாதவள் சமையல்கட்டுக்குள் நுழையவே லாயக்கில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் பொட்டலத்தில் நீல மேகம் ஒன்று, "வெண்முகில்" என்று பேர். ஹோப் காலேஜ் பக்கம் கலீல் ரஹ்மான் கடையில் முதலில் போட்டார்கள். பிறகு கடை கடையாக வேன் போயிற்று. அமாவாசை வந்தால் இரட்டிப்பாக அரைக்க வேண்டும். அமாவாசைக்கு விரதம் இருக்கிறவர்கள் ஒரு வேளைதான் சோறு உண்பார்கள், ராத்திரிக்குப் பலகாரம். ஊரே இட்லிப் பானையை ஏற்றும்.

பாவாத்தாளின் கை வெளுத்து மெத்தென்று ஆனது. ராத்திரி படுத்தால் கையை முகர்ந்து பார்ப்பாள். உளுந்து வாசம் அடிக்கும். நாற்பது வருசமாக எந்தச் சோப்புப் போட்டும் போகாத ஒரு நாற்றம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. சந்தோசத்தில் அழுகை வந்தது, அழுதாள். புருஷன், "என்னத்துக்குப் புள்ள அளுவுற?" என்று இருமினான்.

ஒன்றை மட்டும் யாரும் பேசவில்லை. மாவை யார் அரைக்கிறார்கள் என்று கடைக்காரரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. மில்லின் முன்கேட் வழியாக வேன் போகும், பின்கேட் வழியாக இவர்கள் போவார்கள். அதுபாட்டுக்கு நடந்தது.

மறு வருசம் ஆடி பிறப்பதற்கு முன்னால் கிஷன் ஓட்டமாக ஓடி வந்தான். பம்பாய்க்காரர்கள் போனில் சொன்னார்களாம். வெறும் மாவாக விற்கக் கூடாது, வாங்குகிறவருக்கு அது யார் கையிலிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும், அவர்கள் கதை தெரிந்தால் சனங்கள் விரும்பி வாங்குவார்கள். ஆறு பேர் படத்தையும் பொட்டலத்தில் போட்டு, கீழே "குட்டைமேட்டுக் காலனிப் பெண்களின் கைப்பக்குவம்" என்று அச்சடித்து, ஆடி அமாவாசைக்கு இறக்கிவிட வேண்டியது.

அவன் பிறந்து வளர்ந்தது இதே ஊரில்தான். சில வருசம் வெளியே இருந்துவிட்டால் ஊர் மாறிவிடும் என்று நினைத்தானோ என்னவோ.

நாச்சியம்மாள் மட்டும் இழுத்தாள். "ஏனுங்க தம்பி, படம் வேணும்னாப் போட்டுக்குங்க. காலனிப் பேரு எதுக்குங்க?"

கிஷன் யோசித்தான். அந்த நேரம் பாவாத்தாள் வாயைத் திறந்தாள்.

"ஏன், நாம என்ன திருட்டு மாவா அரைக்கறோம்? ஊருப் பேரச் சொல்றதுக்கு எதுக்குக் கூச்சப்படோணும்? போடுங்க தம்பி. நல்லாப் பெருசாவே போடுங்க."

கிஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதானுங்க்கா எனக்கு வேணும்" என்றான். பாவம், இரண்டு பேருமே அன்றைக்கு அந்தக் குடோனில் பெரிய ஆளாக நின்றார்கள். நாச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு போய் அரிசி களைந்தாள்.

பாவாத்தாள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையைக் கட்டி, வாய் கொள்ளாச் சிரிப்போடு படத்துக்கு நின்றாள்.

ஆடி அமாவாசைக்கு முன்தினம் ஆறு பேரும் பச்சைத் தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் அரைத்தார்கள். விடிகாலையில் வேன் கூரை முட்டப் போயிற்று. சாயந்திரம் கூரை முட்டவே திரும்பி வந்தது.

டிரைவர் கீழே இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல், "எறக்கிக்குங்க" என்றான்.

"ஏனுங்க, என்னாச்சு?"

"எனக்கென்னங்க தெரியும்? கடைக்காரங்க வேண்டான்னுட்டாங்க."

பாவாத்தாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கலீல் ரஹ்மான் கடைக்கு நடந்தாள். பாய் நல்ல மனுசர், மாவு நன்றாக இருக்கிறது என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவர். கடை வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். அதில் ஒருவர் டீச்சரம்மா. அவர் வீட்டு வாசலைப் பாவாத்தாள் எத்தனையோ காலம் கூட்டியிருக்கிறாள். டீச்சரம்மா பொட்டலத்தைக் கையில் எடுத்தார், படத்தைப் பார்த்தார், படத்திலிருந்து கண்ணை எடுத்துப் பாவாத்தாளைப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், வேற மாவு இல்லீங்களா?"

"இது எப்பவும் வாங்கறதுதானுங்களே?"

"இல்லீங்க, எனக்கொண்ணும் இல்லீங்க. நான் அதெல்லாம் பாக்கறதில்லீங்க. ஊட்டுல மாமியா இருக்கறாங்க, அமாவாசையும் அதுவுமா... தப்பா நெனச்சுக்காதீங்க. வாரேனுங்க."

பொட்டலத்தை மெதுவாக, சத்தம் வராமல் வைத்துவிட்டுப் போனார். கொங்குச் சீமையில் மரியாதைக்குக் குறைச்சலே கிடையாது. கழுத்தை அறுத்தாலும் "அறுத்துக்கறேனுங்க" என்று கேட்டுத்தான் அறுப்பார்கள்.

கலீல் ரஹ்மான் பொட்டலங்களை ஒரு பெட்டியில் அடுக்கிப் பாவாத்தாளின் பக்கம் தள்ளினார். தீட்டுப் பார்த்துத் தள்ளவில்லை, அவருக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கேக்கறாங்கம்மா. போன மாசமெல்லாம் தின்னோமேன்னு சண்டைக்கு வாராங்க. ஒருத்தர் என்னைய, 'தெரிஞ்சே வித்தியா'ன்னு கேக்கறாரு. நான் நாலு தெரு நம்பி யாவாரம் பண்றவன். என்னைய மன்னிச்சுக்க."

"மாவுல கொற இருக்குங்களா பாய்?"

"மாவுல என்னம்மா கொற? தங்கமாட்டம் இருக்குது மாவு."

அவ்வளவுதான். மாவில் குறை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். இதில் எதைத் திருத்துவது?

திரும்பி வந்த மாவைக் குடோனில் அடுக்கி வைத்தார்கள். யாருக்கும் கொட்ட மனசு வரவில்லை. மாவுக்கு மான ரோசம் தெரியுமா, அதுபாட்டுக்குப் புளித்தது. பொட்டலமெல்லாம் உப்பின. அதோடு படத்திலிருந்த ஆறு பேர் முகமும் உப்பிப் பெருத்தன. பாவாத்தாளின் சிரிப்பு காதுவரைக்கும் விரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக வெடித்தன. குடோன் முழுக்கப் புளித்த நாற்றம். யார் வாருவது? அவர்களே தகரத்தால் வாரிக் குட்டையில் கொட்டினார்கள்.

"பெருசாப் போடுங்கன்னியே" என்றாள் நாச்சியம்மாள். அவ்வளவு பேசுகிறவள், அத்தோடு தகரத்தைக் கழுவப் போய்விட்டாள். பாவாத்தாளுக்கு அவள் இரண்டு அறை அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

கிஷன் கொதித்தான். விடமாட்டேன் என்றான், இது அநியாயம் என்றான், பத்திரிகைக்கு எழுதுவேன் என்றான். பழைய பொட்டலத்தில் போட்டு அனுப்பிப் பார்த்தான். ஊர் ஒரு தடவை தெரிந்துகொண்டதை மறக்குமா? பம்பாய்க்காரர்கள் மாசக் கணக்கைப் பார்த்துவிட்டுப் போன் மேல் போன் போட்டார்கள். கொதிப்பு மெள்ள ஆறியது.

ஒருநாள் ரங்கநாயகி குடோனுக்கு வந்தார். பாவாத்தாள் சுவரோரம் குந்தி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அரைக்கிற வேலை நின்று போய், கல் பொறுக்குகிற சாக்கில்தான் அவர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அம்மாவும் மகனும் அவளுக்கு எதிரிலேயே, தங்கள் வீட்டுத் தெலுங்கில் பேசினார்கள். வேலைக்காரர்கள் முன்னால் ரகசியம் பேசுவதற்கு அந்தக் குடும்பத்தில் எப்போதும் தெலுங்குதான். குட்டைமேட்டுக் காலனியிலும் வீட்டுப் பேச்சு தெலுங்குதான் என்பது பெரிய வீட்டில் யாருக்கும் தெரியாது. இத்தனை வருசத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

"வேற பொம்பளைகளைப் போடு. நம்ம தோட்டத்துப் பக்கமிருந்து நான் நாலு நல்ல குடும்பமாப் பார்த்துத் தர்றேன். பேரை மாத்து" என்றார் அம்மா.

"அப்ப இவங்க?"

"இவங்கதான் பங்குதாரர்னு சொல்றியே, இருந்துட்டுப் போகட்டும். மாவுல கை வைக்காம இருந்தாச் சரி."

கிஷன் ஓடாத கிரைண்டர் ஒன்றின் விளிம்பைத் தடவினான். பாவாத்தாள் அரிசியைப் பார்த்தபடியே, சாமி, இந்தப் பையன் வாயில் நல்ல வார்த்தை வர வேண்டும் என்று மாரியம்மனை வேண்டினாள். அவன் மாட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், கம்பெனி போனாலும் போகட்டும் என்றிருந்தது அவளுக்கு.

"பிசினஸாப் பார்த்தா அது சரிதான்மா" என்றான் கிஷன். "கம்பெனியே செத்துட்டா இவங்களுக்கும் ஒண்ணும் கிடைக்காது. லாபம் வந்தா இவங்களுக்குத்தானே பங்கு."

அம்மா சொன்னதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். மகன் சொன்னதில் நியாயம் இருந்தது பாருங்கள், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவன் ஆறு பேரையும் நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தமிழில் சொன்னான். நல்லவிதமாக, தன்மையாகச் சொன்னான். நாச்சியம்மாள், "பங்கு எப்பங்க வரும்?" என்றாள். கம்பெனி எழுந்து நின்ற பிறகு வரும் என்றான்.

"அதுவரைக்கும் என்னத்தைங்க திங்கறது?"

கிஷன் பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தான். ரங்கநாயகிதான் சொன்னார். "ஏம்மா பாவாத்தா, எப்படியும் குடோனைக் கூட்டித் தொடைக்க, கக்கூசு கழுவ ஒரு ஆளு வேணும். நீ பழகுனவ. வெளியாளுக்குத் தர்றதுக்கு உனக்கே தர்றேனே. கிரைண்டர் பக்கம் மட்டும் போகாத, அது அவங்களே கழுவிக்குவாங்க."

பாவாத்தாள் எழுந்து வெளியே போய்விட்டாள். அன்றைக்கு அவளுக்கு அந்த ரோசமாவது இருந்தது.

வேங்கடசாமியிடம் போனாள். "உன்ர எடத்துக்கு அப்பவே ஆளுப் போட்டுட்டனே அம்மணி. போறப்ப என்ன எடுப்பாப் போன!" என்று சிரித்தான். ஓட்டலில் பாத்திரம் கழுவக் கேட்டாள். பொட்டலத்தில் பார்த்த முகம் என்று அடையாளம் கண்டு, இப்போது ஆள் தேவைப்படவில்லை என்றார்கள். முன்பெல்லாம் அவளை ஊரில் யாரும் நின்று பார்த்ததில்லை, எங்காவது பேர் மாற்றிச் சொல்லிப் பிழைத்திருக்கலாம். அந்த வழியையும் வண்ணத்தில் அச்சடித்து அடைத்தாயிற்று. புருஷனுக்கு இருமலில் ரத்தம் வந்த அன்றைக்குச் சாயந்திரம், அவள் மில்லின் பின்கேட்டில் போய் நின்றாள்.

"வந்துட்டியா? சீமாறு பின்னால பொடக்காளியில இருக்குது பாரு" என்றார் ரங்கநாயகி.

புதுப் பேரில், புதுப் பொட்டலத்தில் மாவு பிய்த்துக்கொண்டு போனது. டீச்சரம்மா வாங்கினார். கலீல் ரஹ்மான் கடையில் முன்னாலேயே அடுக்கி வைத்தார். புதிதாக வந்த பெண்கள் நல்ல பெண்கள்தான், வஞ்சகம் இல்லாதவர்கள். பாவாத்தாள் கூட்டிக்கொண்டு வரும்போது அரிசி அண்டாவைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார்கள். தள்ளும்போது, "தப்பா நெனச்சுக்காதீங்க்கா" என்பார்கள்.

அடுத்த தை மாசம் பம்பாயிலிருந்து இரண்டு பேரும், அவர்களோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும் வந்தார்கள். பங்குதாரர்களைப் பார்க்க வேண்டுமாம். மற்ற ஐந்து பேரும் கூப்பிட்டும் வரவில்லை. நாச்சியம்மாள், வந்தால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று சொல்லியனுப்பிவிட்டாள். கக்கூசு கழுவிக்கொண்டிருந்த பாவாத்தாளைக் கிஷன் கூப்பிட்டுக் கை கால் கழுவச் சொன்னான். சீமாறைக் கதவுக்குப் பின்னால் வைக்கச் சொன்னான். நாற்காலி போட்டான்.

"படம் எடுப்பாங்க்கா. அவங்க வருசப் புஸ்தகத்துல போடறதுக்கு." அவள் முகம் மாறியதைப் பார்த்து, அவசரமாக, "பயப்படாதீங்க. இது நம்ம ஊருக்கு வராதுங்க. வெளிநாட்டுல மட்டுந்தான்" என்றான்.

பாவாத்தாள் அவனைப் பார்த்தாள். பையன் இளைத்துப் போயிருந்தான். அவன்மேல் கோபப்படலாம் என்று பார்த்தாள், அதற்கும் தெம்பு வரவில்லை.

வெள்ளைக்காரப் பெண்மணி குனிந்து, சிரித்து, என்னவோ கேட்டார்.

"ஒரு கம்பெனிக்குச் சொந்தக்காரியா இருக்கறது உங்களுக்கு எப்படி இருக்குன்னு கேக்கறாங்க்கா" என்றான் கிஷன்.

பாவாத்தாள் அவனைப் பார்த்தாள், அந்தப் பக்கம் நின்ற ரங்கநாயகியைப் பார்த்தாள். பிறகு அவள் வீட்டில் பேசுகிற தெலுங்கில், நிதானமாக, "மீரே செப்பண்டி" என்றாள். நீங்களே சொல்லுங்கள்.

ரங்கநாயகி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கிஷனின் முகத்தில் ரத்தமே இல்லை. அன்றைக்குச் சுவரோரம் அவள் கல் பொறுக்கியது, தலைக்கு மேலே அவர்கள் பேசியது எல்லாம் அவனுக்கு அந்த இரண்டு வார்த்தையில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

என்ன சொன்னாள் என்று வந்தவர்கள் ஆவலாகக் கேட்டார்கள்.

கிஷன் அவர்கள் பக்கம் திரும்பினான். ரொம்பச் சந்தோசமாக இருக்கிறதாம் என்று இங்கிலீசில் சொன்னான்.

படம் எடுத்தார்கள். வந்தவர்கள் கிளம்பிப் போனார்கள். கிஷன் அவர்களோடு காரில் ஏறினான், திரும்பிப் பார்க்கவில்லை. ரங்கநாயகி நின்றார். என்னவோ சொல்லப் போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஷூக்காலோட நடந்து ஒரே மண்ணு. ஒரு கூட்டுக் கூட்டிரு பாவாத்தா" என்றார். வழக்கம்போலத் தமிழில்தான் சொன்னார்.

"சரீங்கம்மா" என்று பாவாத்தாள் கதவுக்குப் பின்னாலிருந்து சீமாறை எடுத்தாள்.